கால்குலேட்டரைப் பிடுங்கி வைக்கலாமா?



சென்ற மாதம் ஒருநாள் மாலை வகுப்பு முடியும் நேரத்தில், பாத்திரக் கடை வைத்திருக்கும் ஒரு தகப்பனார் உள்ளே வந்தார். கையில் மகன் வைத்திருந்த கைபேசி. "சார், ஏழெட்டு ஐம்பத்தாறுக்குக்கூட இவன் இதைத்தான் தட்டுறான். நான் எட்டாவதோட நின்னவன். கல்லாவுல உட்கார்ந்து வாயாலயே கணக்குப் போடுறேன். இனிமே இதை இவன் கையிலயே கொடுக்க மாட்டேன்" என்றார். ஒன்பதாம் வகுப்புப் பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் சொன்ன வழியை நாங்களும் ஒரு வருடம் முயன்று பார்த்தவர்கள்தாம். வகுப்பு வாசலில் ஒரு பெட்டி வைத்து, கைபேசி, கால்குலேட்டர் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டு உள்ளே வரச் சொன்னோம். வகுப்பில் பிள்ளைகள் கையால் கணக்குப் போட்டார்கள். வீட்டுப்பாடம் மட்டும் ஒரு பிழைகூட இல்லாமல் வந்தது. எப்படி என்று விசாரித்தால், பாதிப் பேர் கணக்கைப் படம் பிடித்து, செயலி காட்டிய விடையை அப்படியே எழுதி வந்திருக்கிறார்கள். பெட்டி எங்கள் வாசலில்தான் இருந்தது, அவர்கள் வீட்டில் இல்லையே. தடுத்ததால் அந்தப் பழக்கம் மறைவுக்குப் போனதே தவிர நிற்கவில்லை.

ஆகவே இந்தக் கட்டுரையில் 'கொடுக்கலாமா, கூடாதா' என்று பட்டிமன்றம் நடத்தப் போவதில்லை. கருவி வீட்டுக்குள் வந்தாகிவிட்டது. கணக்குத் தெரியாத பெற்றோர்கூட அதை எப்படிப் பயன்படுத்திப் பிள்ளைக்குக் கணக்கு வரச் செய்யலாம் என்பதையே எழுதுகிறோம்.

ஒரே கணக்கு, இரண்டு முறை

முதலில், பிள்ளைக்கு எங்கே தடுக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். 'கணக்கு வரவில்லை' என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். அதற்குள் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. ஒன்று, வாய்ப்பாடும் பெருக்கல் வகுத்தலும் தடுமாறுவது. மற்றொன்று, என்ன செய்ய வேண்டும் என்பதே புரியாமல் இருப்பது. மருந்து வேறு வேறு. மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்குக் கால்குலேட்டரைப் போல எளிய சாதனம் வேறு இல்லை.

பாடப்புத்தகத்திலிருந்து ஐந்து வாக்கியக் கணக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் கையால் போடச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து அதே ஐந்தைக் கால்குலேட்டர் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். பிறகு இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஓர் உதாரணம்: ஒரு டஜன் நோட்டு 384 ரூபாய் என்றால் 17 நோட்டு எவ்வளவு? ஒரு பிள்ளை 384-ஐ 12-ஆல் வகுத்து 32 என்று சரியாக எடுத்து, 32-ஐ 17-ஆல் பெருக்கும்போது 534 என்று எழுதியது. கால்குலேட்டர் கொடுத்ததும் 544 என்று சரியாக வந்துவிட்டது. அதற்கு வழி தெரியும், பெருக்கலில் மட்டுமே சறுக்குகிறது. தினம் பத்து நிமிடம் வாய்ப்பாடு சொன்னால் இரண்டு மூன்று மாதத்தில் தேறிவிடும். வேறொரு பிள்ளை கால்குலேட்டரில் நேராக 384 × 17 என்று தட்டி, 6,528 ரூபாய் என்று எழுதிவிட்டது. கருவி சரியாகத்தான் பெருக்கியது. பிள்ளைக்குத்தான் 384 என்பது பன்னிரண்டு நோட்டின் விலை என்பது மனதில் படவில்லை. இந்தப் பிள்ளையை உட்கார வைத்து வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வது தலைவலிக்கு வயிற்று மருந்து கொடுப்பது போல. அதற்குக் கணக்கை வாசிக்கச் சொல்லித்தர வேண்டும். நோட்டை எடுத்து எதிரே வைத்து, "ஒண்ணு எவ்வளவு வரும்?" என்று கேட்க வேண்டும்.

எங்கள் வகுப்பில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருந்தாள். ஸ்ரீரங்கம் பக்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி வருகிற பிள்ளை. கணக்கில் எப்போதும் முப்பது, முப்பத்தைந்துதான். "பத்தாவது முடிஞ்சதும் கணக்கு இல்லாத குரூப் எடுத்துக்கறேன்" என்று அவளே முடிவு செய்துவிட்டாள். வீட்டிலும் சரி என்று விட்டுவிட்டார்கள். இந்த இரண்டு தாள் முறையை அவளுக்கு வைத்துப் பார்த்தோம். கையால் போட்டதில் ஐந்துக்கு ஒன்று சரி. கால்குலேட்டரில் ஐந்துக்கு ஐந்தும் சரி. அவள் யோசிப்பதில் ஒரு குறையும் இல்லை. நான்காம் வகுப்பில் உடம்பு சரியில்லாமல் நீண்ட நாள் பள்ளிக்குப் போகாதபோது விட்டுப்போன நீள் வகுத்தல்தான் ஐந்து வருடமாக அவளைத் துரத்திக்கொண்டிருந்தது. அந்தத் தாளை அவளுடைய அம்மாவிடம் காட்டியபோது அவர் நம்பவில்லை. மறுபடி எங்கள் முன்னால் போட்டுக் காட்டச் சொன்னார்.

முதலில் மதிப்பிடு, பிறகு தட்டு

எங்கள் வகுப்பில் இப்போது ஒரே ஒரு சட்டம்தான். பொத்தானைத் தொடுவதற்கு முன்னால், விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுத வேண்டும். எழுதாவிட்டால் கால்குலேட்டர் கிடையாது. 48 × 21 என்றால் 'ஐம்பது இருபது ஆயிரம், ஆயிரத்துக்குப் பக்கம்' என்று எழுதிவிட்டுத் தட்ட வேண்டும். 1,008 வந்தால் சரி. 10,080 வந்தால் எங்கோ ஒரு சுழி கூடிவிட்டது.

இது பரீட்சைக்காக மட்டும் சொல்வதல்ல. ரமலானில் நம் வீடுகளில் ஜகாத் கணக்குப் பார்க்கிறோம். நிஸாபு, எதையெதைச் சேர்ப்பது என்பதையெல்லாம் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் பேசுவது பெருக்கலைப் பற்றி மட்டும். ஒரு வீட்டில் எல்லாம் சேர்த்து 3,60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை சதவீதம் எடுக்க 0.025-ஆல் பெருக்க வேண்டும். அவசரத்தில் 0.0025 என்று தட்டினால் 900 ரூபாய் என்று வரும். 0.25 என்று தட்டினால் 90,000 வரும். கருவி இரண்டையும் ஒரே முகத்தோடுதான் காட்டும். 'பத்து சதவீதம் 36,000, அதில் கால் பங்கு 9,000' என்று மனதில் முன்பே போட்டு வைத்த பிள்ளை மட்டும்தான் "அத்தா, ஒரு சுழி தப்பு" என்று சொல்லும். இரண்டரை சதவீதம் என்பது நாற்பதில் ஒன்று. பழைய தமிழ்க் கணக்கில் இந்தப் பின்னத்துக்குத் தனிப் பெயரே உண்டு: அரைமா. இருபதில் ஒன்று மா, நாற்பதில் ஒன்று அரைமா, எண்பதில் ஒன்று காணி. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியை வைத்து இவற்றையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த மனப்பாடம் முழுவதும் இன்றைக்கு வேண்டாம். ஆனால் கால், அரை, முக்கால், பத்தில் ஒன்று, நாற்பதில் ஒன்று இவை நாக்கு நுனியில் இருக்கும் பிள்ளையைக் கருவி ஏமாற்ற முடியாது.

இன்னொரு சிறிய பொறி. பல கைபேசிகள் மேல்நாட்டு முறையில் கமா போடுகின்றன. நாம் 12,50,000 என்று எழுதுவதை அது 1,250,000 என்று காட்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளை இதைப் பார்த்துவிட்டு 'ஒரு கோடியே இருபத்தைந்து லட்சம்' என்று வாசித்ததை நாங்களே கேட்டிருக்கிறோம். கமாவைப் பார்க்காமல் வலப்பக்கத்திலிருந்து இலக்கத்தை எண்ணச் சொல்லிக் கொடுங்கள்.

கருவிக்கும் குணம் உண்டு

கால்குலேட்டர் தப்பு செய்யாது என்பது பொதுவான நம்பிக்கை. அது கேட்டதைச் செய்யும், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்ளும். வீட்டில் உடனே செய்து பார்க்கலாம். கடையில் இருக்கும் சாதாரண மேசைக் கால்குலேட்டரில் 2 + 3 × 4 என்று வரிசையாகத் தட்டுங்கள். 20 என்று வரும். அதையே கைபேசியில் தட்டுங்கள். 14 வரும். மேசைக் கருவி வந்த வரிசையில் 2-ஐயும் 3-ஐயும் முதலில் கூட்டிவிடுகிறது. கைபேசி, பள்ளியில் சொல்லித்தருகிற விதிப்படி பெருக்கலை முதலில் செய்கிறது. எது சரி என்று பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். ஆசிரியர் ஒரு வாரம் நடத்தும் பாடம் அந்த ஒரு கேள்வியில் மனதில் பதிந்துவிடும்.

சதவீதப் பொத்தான் இதைவிட மோசம். கருவிக்குக் கருவி அது வேறு விதமாக வேலை செய்யும் என்பதால், பிள்ளைகள் அந்தப் பொத்தானையே மறந்துவிடுவது நல்லது. கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு ஒன்று: 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து ஒரு பொருள் 1,180 ரூபாய். வரியில்லாமல் அடக்க விலை என்ன? நிறையப் பேர் 1,180-இல் 18 சதவீதம் எடுத்து, 212 ரூபாய் 40 காசைக் கழித்து, 967 ரூபாய் 60 காசு என்கிறார்கள். உண்மை விலை 1,000. வரி போட்டது ஆயிரத்தின் மேல், 1,180-இன் மேல் அல்ல. எனவே 1.18-ஆல் வகுக்க வேண்டும். கருவி முதல் கணக்கிலும் ஒரு பிழை செய்யவில்லை. நம் பையன்களில் பலர் நாளைக்குக் கல்லாவில் உட்காரப் போகிறவர்கள். முப்பத்திரண்டு ரூபாய் நாற்பது காசு ஒவ்வொரு பில்லிலும் போனால் என்ன ஆகும் என்று அவர்களையே போட்டுப் பார்க்கச் சொன்னோம். அன்றைக்கு வகுப்பில் யாரும் தூங்கவில்லை.

பத்தாம் வகுப்பு முக்கோணவியலுக்கு வந்தால் இன்னொரு குழி. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி, ஏறக்குறைய 72 மீட்டர். பதின்மூன்று நிலை. 1987-இல் கட்டி முடிக்கப்பட்டது. இதை வைத்து வகுப்பில் ஒரு கணக்குப் போட்டோம். கோபுர உச்சிக்கு நேர் கீழே உள்ள இடத்திலிருந்து 122 மீட்டர் தள்ளி நிற்கும் ஒரு பையன், உச்சியை 30 டிகிரி ஏற்றக் கோணத்தில் பார்க்கிறான். அவன் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 122-ஐ டேன் 30-ஆல், அதாவது 0.577-ஆல் பெருக்கி, ஒன்றரையைக் கூட்டினால் 71.9 மீட்டர். கோபுரத்தின் உயரம் கையில் வந்துவிட்டது. தூரத்தைக் கோபுரத்தின் முன் விளிம்பு வரை அளந்தால் தப்பாகிவிடும், உச்சிக்கு நேர் கீழே வரை அளக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். நுழைவாயில் கோபுரத்தின் ஊடாகவே போவதால் அந்த இடத்தை நடந்தே தொடலாம்.

அன்று ஒரு பையன் கைபேசியில் போட்டு, கழித்தல் 780 மீட்டர் என்று எழுதினான். எழுதிவிட்டு அடுத்த கணக்குக்கும் போய்விட்டான். அவனுடைய கைபேசி டிகிரியில் இல்லாமல் ரேடியனில் இருந்தது. அதில் டேன் 30 என்பது கழித்தல் 6.4. திரையின் ஓரத்தில் இருக்கும் மூன்று சிறிய ஆங்கில எழுத்துகளை மாற்றினால் சரியாகிவிடும். அது பெரிய விஷயமில்லை. கோபுரம் தரைக்குக் கீழே முக்கால் கிலோமீட்டர் போகிறது என்று எழுதியபோது அவனுக்குக் கை நடுங்கவில்லையே, அதுதான் எங்களை யோசிக்க வைத்தது. அந்தக் கோபுரத்தைத் தினமும் பேருந்திலிருந்து பார்க்கிற பிள்ளை அவன். நோட்டு ஓரத்தில் மதிப்பீடு எழுதும் சட்டத்தை அந்த வாரம்தான் எல்லா வகுப்புக்கும் கட்டாயமாக்கினோம்.

கருவியைப் பற்றிய இந்தச் சண்டை புதிதல்ல. கைக்கு அடக்கமான அறிவியல் கால்குலேட்டர் முதலில் விற்பனைக்கு வந்தது 1972-இல். அதற்கு முன்பு மடக்கை அட்டவணைதான், பொறியியல் படித்தவர்களுக்கு நழுவுகோலும் உண்டு. அப்துல் கலாம் அவர்கள் 1950 முதல் 1954 வரை நம் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்த காலம் அந்த அட்டவணைகளின் காலம். அட்டவணையும் ஒரு கருவிதானே? யாரும் அதைப் பார்த்து 'மூளை மழுங்கிவிடும்' என்று சொன்னதாகத் தெரியவில்லை. காரணம், அட்டவணையைப் பார்ப்பதற்கே விடையின் அளவைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. தசமப் புள்ளி எங்கே விழும் என்பதை அட்டவணை சொல்லாது, நாம்தான் முடிவு செய்ய வேண்டும். கால்குலேட்டர் அந்த ஒரு சிரமத்தையும் எடுத்துக்கொண்டுவிட்டது. நாம் நோட்டு ஓரத்தில் திருப்பிக் கொடுப்பது அந்தச் சிரமத்தைத்தான்.

இங்கிலாந்தில் பதினோரு வயதுப் பிள்ளைகளின் கணிதத் தேர்வில் கால்குலேட்டரை 2014-இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் பதினாறு வயதில் எழுதும் பொதுத்தேர்வில் மூன்று தாள்கள். ஒன்று கால்குலேட்டர் இல்லாமல், இரண்டு கால்குலேட்டரோடு. எங்களுக்கு இந்த ஏற்பாடு நியாயமாகப் படுகிறது. நம் ஊரில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக் கணிதத்துக்குக் கால்குலேட்டர் கிடையாது. நீட், ஜேஇஇ இரண்டிலும் கிடையாது. அதே பிள்ளை பிற்பாடு சி.ஏ. எழுதப் போனால் அனுமதிக்கப்பட்ட வகைக் கால்குலேட்டரைக் கொண்டுபோகலாம். பொறியியல் முடித்துக் கேட் எழுதினால் கணினித் திரையிலேயே கால்குலேட்டர் இருக்கும். ஆகவே இரண்டு பழக்கமும் வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை கையால்தான், கால்குலேட்டர் விளையாட்டுக்கு மட்டும். ஆறு முதல் எட்டு வரை, கையால் போட்டதைச் சரிபார்க்க. ஒன்பதாவதிலிருந்து, எண்கள் பெரியதாகி யோசனையை மறைக்கும் இடங்களில் தாராளமாக. இது எங்கள் அனுபவத்தில் வந்த வரையறை. உங்கள் பிள்ளையைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

விளையாட்டு என்று சொன்னோமே, அதற்கு இரண்டு. 142857-ஐ 2, 3, 4, 5, 6 என்று ஒவ்வொன்றாகப் பெருக்கச் சொல்லுங்கள். 285714, 428571 என்று அதே ஆறு இலக்கங்கள் சுற்றிச் சுற்றி வரும். 7-ஆல் பெருக்கினால் என்ன வரும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள், பிறகு தட்டட்டும். 999999 வந்ததும் அவர்கள் முகத்தைப் பாருங்கள். பிறகு 1-ஐ 7-ஆல் வகுக்கச் சொல்லுங்கள், அந்த இலக்கங்கள் எங்கிருந்து வந்தன என்பது தெரியும். இரண்டாவது, மகாராஷ்டிராவில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் கண்டுபிடித்தது. ஏதாவது ஒரு நான்கு இலக்க எண், எல்லா இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. 3524 என்று எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் 5432, திருப்பினால் 2345. கழித்தால் 3087. மறுபடி 8730-இலிருந்து 0378 போனால் 8352. மறுபடி 8532-இலிருந்து 2358 போனால் 6174. அதற்குமேல் எத்தனை முறை செய்தாலும் 6174-தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் அங்கே வந்து நிற்கும். ஒரு மழை நாள் மாலை முழுவதும் பிள்ளைகள் இதற்கு மாறான எண் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கிடைக்கவில்லை. அன்று ஒவ்வொருவரும் நூறு கழித்தலுக்குக் குறையாமல் போட்டிருப்பார்கள், கணக்குப் போடுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல்.

ஒன்பதாம் வகுப்பில் வரும் மெய்யெண்களுக்கும் இப்படித்தான். வர்க்கமூலப் பொத்தானைத் தொடாமல், எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 2 வரும் என்று தேடச் சொல்லுங்கள். 1.4 போட்டால் 1.96, குறைவு. 1.5 போட்டால் 2.25, அதிகம். 1.41 குறைவு, 1.42 அதிகம். இப்படி நெருங்கிக்கொண்டே போகலாம், தொடவே முடியாது. 'விகிதமுறா எண்' என்ற சொல்லை மனப்பாடம் செய்த பிள்ளைக்கும், இப்படி அரை மணி நேரம் துரத்திப் பார்த்த பிள்ளைக்கும் வித்தியாசம் இருக்கிறது.

புத்தகத்துக்குள் இருக்கும் கதவு

இணையம் என்றதும் காசு கட்டிச் சேரும் பெரிய செயலிகளின் விளம்பரம்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஒரு வருடக் கட்டணத்தை ஒரே தவணையில் கட்டிவிட்டு, இரண்டாம் மாதமே பிள்ளை பார்ப்பதை நிறுத்திய வீடுகள் நம் மஹல்லாவில் உண்டு. அதற்கு முன்னால் கையில் இருக்கும் பாடப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள். தமிழ்நாடு அரசுப் பாடநூல்களில் கியூஆர் குறியீடு அச்சிட்டிருக்கிறார்கள். கைபேசியில் தீக்ஷா செயலியைத் திறந்து அதைப் படம் பிடித்தால் அந்தப் பாடத்துக்கான வளங்கள் வரும். காசு கிடையாது. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியது. 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பல வீடுகளுக்கு அதுதான் பள்ளிக்கூடம். அந்தப் பாடங்களை இப்போதும் யூடியூபில் பார்க்கலாம். நம் பாடத்திட்டம், நம் சொற்கள். இது முக்கியம். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை வேறு பாடத்திட்டத்தின் ஆங்கிலக் காணொளியைப் பார்த்துவிட்டு, மீச்சிறு பொது மடங்கு எது, மீப்பெரு பொதுக் காரணி எது என்று குழம்பி நிற்பதை அடிக்கடி பார்க்கிறோம்.

கணிதப் புத்தகங்களில் சில பாடங்களின் கடைசியில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பக்கம் இருக்கும். பெரும்பாலும் யாரும் அதைப் புரட்டுவதில்லை, பரீட்சைக்கு வராது என்பதால். அவற்றில் பல ஜியோஜீப்ரா என்ற இலவச மென்பொருளில் செய்தவை. ஆஸ்திரியாவில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் என்பவர் 2001-இல் தொடங்கியது, இன்று உலகம் முழுக்கப் பள்ளிகளில் இருக்கிறது. இதன் பயன் பத்தாம் வகுப்பு வரைபடக் கணக்கில் தெரியும். பொதுத்தேர்வில் எட்டு மதிப்பெண். y = x² + x − 2 வரைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அட்டவணை போட்டால் x = −1 என்றால் −2, x = 0 என்றாலும் −2. நம் பிள்ளைகளில் பாதிப் பேர் இந்த இரண்டு புள்ளிகளையும் அளவுகோல் வைத்து நேர்க்கோட்டால் இணைத்துவிடுவார்கள். பரவளையத்தின் அடி தட்டையாகிவிடும். 'வளைத்துப் போடு' என்று பத்து முறை சொன்னாலும் ஏன் என்று புரியாது. கையால் வரைந்து முடித்த பிறகு அதே சமன்பாட்டை ஜியோஜீப்ராவில் போட்டு, அந்த இடத்தை விரலால் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே −2.25 வரை இறங்கி ஏறும். ஒருமுறை கண்ணால் பார்த்த பிள்ளை பிறகு அளவுகோலை எடுக்காது. வரிசை முக்கியம்: முதலில் கை, பிறகு திரை. திரையைப் பார்த்து நோட்டில் நகல் எடுத்தால் ஒன்றுமே மிஞ்சாது.

காணொளியிலும் அப்படியே. ஒருமுறை நாங்கள் நல்லெண்ணத்தில் ஒரு மணி நேரம் தொடர்ந்து காணொளிகளைப் போட்டுக் காட்டினோம். எல்லாரும் அமைதியாகப் பார்த்தார்கள். முடிந்ததும் முதல் கணக்கையே கொடுத்தோம், நாலு பேரால்தான் போட முடிந்தது. பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், அதுதான் காணொளியின் மயக்கம். இப்போது ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓட விடுவதில்லை. ஆசிரியர் கணக்கை எழுதியதும் நிறுத்துகிறோம். பிள்ளைகள் முதல் இரண்டு வரியையாவது போட்ட பிறகுதான் மறுபடி ஓடும். வீட்டில் பக்கத்தில் உட்காரும் அம்மாவோ நன்னியோ இதைச் செய்யலாம். கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, நிறுத்தும் பொத்தான் தெரிந்தால் போதும்.

படம் பிடித்தால் விடை சொல்லும் செயலிகளும், இப்போது எல்லார் கைபேசியிலும் வந்துவிட்ட ஏ.ஐ. அரட்டைகளும்தான் கடினமான இடம். இவை படிப்படியாக எழுதிக் காட்டும். அரட்டை ஏ.ஐ. சில நேரம் தவறான படியையும் தயக்கமே இல்லாமல் எழுதும். அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது தேவையில்லை, தேவைப்படும் பிள்ளைக்கு அதைக் கண்டுபிடிக்கத் தெரியாது. முழுக்க விலக்கிவிடலாம் என்று எங்களில் சிலர் சொன்னார்கள். பெட்டி வைத்த கதை நினைவுக்கு வந்ததால் அப்படிச் செய்யவில்லை. இப்போதைய ஏற்பாடு இதுதான்: கணக்கில் எந்த வரியில் நின்றுவிட்டாயோ அதுவரை நோட்டில் இருக்க வேண்டும். அடுத்த ஒரே ஒரு வரியை மட்டும் பார்த்துக்கொள்ளலாம், மீதித் திரையைக் கையால் மறைத்துவிட வேண்டும். மறுநாள் வகுப்பில் எண்ணை மட்டும் மாற்றி அதே கணக்கைக் கேட்போம். ஏமாற்ற நினைத்தால் இதிலும் ஏமாற்றலாம்தான். ஆனால் மறுநாள் எல்லார் முன்னாலும் போட வேண்டும் என்பதால் பெரும்பாலோர் ஏமாற்றுவதில்லை.

வீட்டில் ஒரே கைபேசி, அதுவும் அத்தா இரவு ஒன்பது மணிக்குக் கடை அடைத்து வந்த பிறகுதான் கிடைக்கும் என்ற நிலை பல குடும்பங்களில் இருக்கிறது. அவர்களுக்காகத்தான் ஞாயிறு காலை ஃபஜ்ருக்குப் பிறகு ஏழரை மணியிலிருந்து ஒன்பதரை வரை வகுப்பு அறையைத் திறந்து வைக்கிறோம். அறக்கட்டளையின் இரண்டு கைபேசிகள், ஒரு மடிக்கணினி, ஆறு சாதாரணக் கால்குலேட்டர் இருக்கின்றன. வீட்டில் பயன்படாமல் கிடக்கும் கால்குலேட்டர் இருந்தால் கொடுத்து உதவுங்கள், பேட்டரி தீர்ந்துபோனதாக இருந்தாலும் பரவாயில்லை. பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் வேண்டும் என்று கேட்டவர்கள், எத்தனை பேர் வருவார்கள் என்பதை இம்மாதத்துக்குள் சொல்லிவிட்டால் இன்ஷா அல்லாஹ் ஏற்பாடு செய்யலாம்.

அந்தப் பாத்திரக் கடைக்காரரின் கைபேசி இப்போது மகனிடம்தான் இருக்கிறது, மாலை ஏழு முதல் எட்டு வரை. இருவரும் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடையில் பில் போடும்போது தகப்பனார் வாயால் சொல்ல வேண்டும், பையன் மதிப்பீட்டைச் சொல்ல வேண்டும், பிறகு இருவருமாகக் கால்குலேட்டரைத் தட்டிப் பார்க்க வேண்டும். போன வாரம் வந்தவர், "மூணு நாள்ல ரெண்டு தடவை நான்தான் சார் தப்பு" என்றார்.